தரவுப் போதுமையா, தகவல் நிறைவா?

அன்புள்ள ஐயா,

கொடுத்த விவரங்கள் விடை காணப் போதுமா என்று மட்டும் கேட்கும் தேர்வு வினாக்களை ஆங்கிலத்தில் 'data sufficiency' என்கிறோம். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்த 'தகவல் நிறைவு' காதுக்கு இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்குப் பாடத்தில் 'நிறைவு' ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ஒரு மதிப்பு சமன்பாட்டை நிறைவு செய்கிறது என்கிறோமே, அதுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல், நிறைய இருப்பதும் போதுமாக இருப்பதும் ஒன்றல்ல. இலாப சதவீதக் கணக்கையே எடுங்கள். குறித்த விலை, தள்ளுபடி சதவீதம், விற்ற விலை என்று மூன்று விவரம் கொடுத்தால் தாள் நிறைந்துவிடும். ஆனால் மூன்றாவது முதலிரண்டிலிருந்தே வந்துவிடுகிறது. அடக்க விலைக்கு வழியே இல்லை. மாறாக, '20 பொருளின் அடக்க விலை, 16 பொருளின் விற்ற விலைக்குச் சமம்' என்று ஒரே வரி. அதில் ஒரு விலைகூடக் கிடையாது. ஆனாலும் 20-ஐ 16-ஆல் வகுத்தால் 1.25, இலாபம் 25 சதவீதம். சதவீதத்துக்கு விகிதம் கிடைத்தால் போதும், விலை வேண்டாம்.

இந்தப் 'போதும்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளச் சொல்கிறேன். விடைத் தெரிவுகளிலேயே 'கூற்று 1 மட்டும் போதுமானது', 'இரண்டும் சேர்ந்தாலும் போதாது' என்றுதானே எழுதுகிறோம்? 'போதுமான நிபந்தனை'யும் புழக்கத்தில் இருக்கிறது. ஆகவே 'தரவுப் போதுமை'. இயலாமைக்கு இயலுமை போல, போதாமைக்குப் போதுமை. புதுச்சொல் மாதிரி உறுத்தாது, எதிர்ச்சொல்லும் கையோடு கிடைக்கிறது.

'தகவல்' வேண்டாம், 'தரவு' போதும் என்பதற்கும் காரணம் உண்டு. தரவு என்றால் தரப்பட்டது. வினாவில் தந்ததை மட்டும் வைத்துப் பார் என்பது அதிலேயே வந்துவிடுகிறது. (கலிப்பாவின் முதல் உறுப்புக்கும் தரவு என்றுதான் பெயர். யாரும் குழம்பமாட்டார்கள்!) 'ஒரே விலைக்கு விற்ற இரண்டு பொருள்களில் ஒன்றில் 20 சதவீத இலாபம், மற்றதில் 20 சதவீத நட்டம்' என்றால் மொத்தத்தில் 4 சதவீத நட்டம் என்று உறுதியாகச் சொல்லலாம். 'ஒரே விலைக்கு' என்பதை அடித்துவிட்டால் போதாமை. ஆனால் பழக்க தோஷத்தில் பாதிப்பேர் அதைத் தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள்.

சரி, அந்த முதல் கணக்கில் உபரியாக வந்த விற்ற விலையை என்னவென்று சொல்வது? 'மிகைத் தரவு' என்று நினைத்தேன். வேறு யாருக்காவது இன்னும் நல்லது தோன்றுகிறதா?