மறு: ஈவென்ட் டெலிகேஷன் – ஒப்படைப்பா, பொறுப்பேற்பா?

அனைவருக்கும் வணக்கம்.

நிரலாக்கத்தில் ‘ஈவென்ட் டெலிகேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல்லாக முந்தைய மடலில் வந்த ‘நிகழ்வு ஒப்படைப்பு’ எனக்கு ஒப்பவில்லை. ஒவ்வொரு பொத்தானின் சொடுக்கையும் தனித்தனியே கவனிக்காமல், அவற்றைத் தாங்கும் உறுப்பே எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளும் முறை அது. ஒப்படைப்பு என்றால் ஒப்படைக்க ஒருவர் வேண்டும். இங்கே அது யார்?

போன ஞாயிறு அல்சூரில் பக்கத்து வீட்டுத் தம்பிக்கு ஜேக்வெரி (வலைப்பக்கங்களுக்கான ஜாவாஸ்கிரிப்ட் நிரல் தொகுப்பு) சொல்லிக்கொடுத்தேன். மளிகைப் பட்டியல் ஒன்று செய்திருந்தான். வரிக்கு ஒரு ‘நீக்கு’ பொத்தான். முதலிலேயே இருந்த அரிசியும் பருப்பும் அழுத்தியதும் நீங்கின. பிறகு சேர்த்த புளி, எத்தனை முறை அழுத்தியும் அசையவில்லை. பொத்தான்களில் கையாளியை, அதாவது சொடுக்கினால் ஓடும் நிரலைக் கட்டியபோது புளியின் பொத்தான் பிறந்திருக்கவே இல்லையே! ஜேக்வெரியின் ‘ஆன்’ (on) வழிமுறையைப் பட்டியலின் மேல் வைத்து, பொத்தானுக்கான தேர்வியையும் (எந்த உறுப்பு என்று சுட்டும் குறியை) சேர்த்துக் கொடுத்தோம். புளி போயிற்று.

பொத்தான் யாரிடமும் எதையும் ஒப்படைக்கவில்லை. சொடுக்கு மேலெழும்பி வருகிறது. பொத்தான்களைத் தாங்கும் தாய் உறுப்பு, இங்கே பட்டியல், அதை வாங்கி, எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்று பார்த்து வேலையை முடிக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் வாசலில் செக்யூரிட்டி அண்ணன் கூரியர் வாங்கி வைப்பது போலத்தான். நேற்றுக் குடிவந்தவருடைய பார்சலையும் அவர் வாங்கி வைப்பார், யாரும் தனியாகச் சொல்ல வேண்டாம்.

ஜேக்வெரியில் இந்த முறை படிப்படியாகச் சீரடைந்த கதையும் இதையே காட்டுகிறது. 2009இல் வந்த ‘லைவ்’ (live) வழிமுறை எல்லா நிகழ்வையும் ஆவணத்தின் உச்சியில்தான் வாங்கியது. ஒவ்வொரு வீட்டுக் கூரியரையும் தலைமை அஞ்சலகமான ஜி.பி.ஓ.வில் போய் வாங்குவது மாதிரி! வழியில் வேறொரு கையாளி நிகழ்வைத் தடுத்துவிட்டால் உச்சிக்கு வந்தே சேராது. போதாததற்கு, தேவையில்லாமல் பக்கம் முழுக்க ஒருமுறை தேடவும் செய்யும். 2010இல் ‘டெலிகேட்’ (delegate) வழிமுறை வந்த பிறகு பக்கத்திலுள்ள தாயையே பொறுப்பாக்க முடிந்தது. 2011இல் 1.7 பதிப்பின் ‘ஆன்’ எல்லாவற்றையும் ஒன்றாக்கியது. 2013இல் 1.9 பதிப்பில் லைவை எடுத்தேவிட்டார்கள். நல்ல முடிவு.

மாற்றுச் சொற்களில் ‘சார்பேற்பு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் பள்ளிக் கணக்கில் ‘சார்பு’ (ஃபங்ஷன்) வேறொன்று. நிரல் எழுதும் இடத்தில் அதைக் கொண்டுவந்தால் மாணவர்கள் குழம்புவார்கள். ‘பதிலேற்பு’ என்றால் வழங்கி (சர்வர்) அனுப்பும் பதில்தான் நினைவுக்கு வரும். அதனால் நான் முன்வைப்பது ‘நிகழ்வுப் பொறுப்பேற்பு’. அமைச்சர் பொறுப்பேற்பு என்று செய்தித்தாளில் வருவதால் தயங்க வேண்டியதில்லை, இடம் பார்த்துப் பொருள் புரியும். நீளம்தான், ஆனால் வினையாக்கினால் இயல்பாக வருகிறது: ‘பட்டியல் தன் பொத்தான்களுக்குப் பொறுப்பேற்கிறது.’

தேர்வி கொடுக்காமல் ‘ஆன்’ எழுதினால் கையாளி அந்த உறுப்பிலேயே கட்டப்படும். அதற்கு ‘நேரடிப் பிணைப்பு’ போதும் என்று நினைக்கிறேன். அதைவிடச் சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் தாருங்கள். தம்பியின் குறிப்பேட்டில் அந்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது.