ரவால் நடை மார்வாரி பெண் குதிரை: விற்க வழி சொல்லுங்க

கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கேன். என்கிட்ட இருக்கிற மார்வாரி (ராஜஸ்தான் இனம்) பெண் குதிரை விலை போக மாட்டேங்குது.

வயசு 7, செவலை, உயரம் 60 இஞ்ச். ரவால் நடை (ஏறினவங்க குலுங்காம வேகமாப் போற நடை) பிறவியிலேயே இருக்கு, யாரும் பழக்கினது இல்ல. தண்ணி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டு ஓட்டினாலும் சிந்தாது. கடிக்காது, உதைக்காது, லாடம் கட்ட நின்னு கொடுக்கும். கிளாண்டர்ஸ் (குதிரைக்கு வர்ற தொற்று நோய்) டெஸ்ட் நெகட்டிவ். கண்ணுக்குக் கீழே ஒரு முடிச்சுழி உண்டு, அது ஆகாதுன்னு சொல்வாங்க, மறைக்கல.

ஆடியில அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில கட்டினேன். வந்தவங்க பல்லைப் பார்த்தாங்க, மார்வாரிக்கு அடையாளமான காது நுனி ரெண்டும் தொடுதான்னு பார்த்தாங்க, சுழியைப் பார்த்ததும் நகர்ந்துட்டாங்க. ஏறிப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்ல. டான்ஸ் ஆடுமான்னு கேட்டவங்கதான் அதிகம். (ஆடாது. ஆட வைக்கவும் மாட்டேன்.) அப்புறம் வாட்ஸ்அப்ல வீடியோ போட்டேன், தரகர்கிட்டயும் சொன்னேன். துண்டுக்குள்ள விரல் பிடிச்சு அவர் காட்டினது நான் கேட்கிற 1,50,000-ல பாதிகூட இல்ல. இப்ப கார்த்திகை. அடுத்த ஆடி வரைக்கும் தீனி போட்டு வச்சிருக்க வசதியில்ல.

ஈரோடு, திருப்பூர், கோவை வட்டாரத்துல சுழி பார்க்காம, நடைக்காகவே குதிரை வாங்கி ஓட்டுறவங்களை எங்க போய்ப் பிடிக்கிறது?