ரேடியோ 6 மின்னல் ஆனதில் யாருக்கு என்ன நஷ்டம்?

தென்னமரத்தான்:
அப்பாவுக்குப் புதுக் கைப்பேசி வாங்கி, மலேசிய அரசு வானொலியின் ஆர்டிஎம் கிளிக் செயலியை இறக்கிக் கொடுத்தேன். பத்து நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு, "ரேடியோ 6 இதுல இல்லையேடா" என்றார். அரசின் தமிழ் வானொலியான ரேடியோ 6, மின்னல் எஃப்எம் என்று பெயர் மாறி இருபது வருடம் போல ஆகிறது. தினமும் அதைத்தான் கேட்கிறார். அறிவிப்பாளர் ஒரு நாளைக்கு எத்தனை முறை "மின்னல்" என்று சொல்கிறாரோ, அப்பா காதில் மட்டும் அது விழுவதே இல்லை.
எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தப் பெயரை மாற்றியிருக்க வேண்டாம். மூன்று தலைமுறை வாயில் பழகிய பெயர். பிறகு தனியார் தமிழ் வானொலி ராகாவும் பெயருக்கு முன்னால் இருந்த டிஎச்ஆரைக் கழற்றிவிட்டது. எதற்கு இப்படி?

பழையவால்வு:
தம்பி, ரேடியோ 6 ஒரு பெயரா? நான்கு ஆங்கிலம், ஐந்து சீனம், ஆறு தமிழ். தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளுக்கு நம்பர் அடித்த மாதிரி, ஆபீசில் யாரோ வரிசைப்படி போட்டது. அதற்கு இவ்வளவு பாசமா?
பெயர் மாறியபோது ஆங்கிலத்துக்கு டிராக்ஸ் வந்தது, சீனத்துக்கு ஐ எஃப்எம் வந்தது. நமக்கு வந்தது சுத்தமான தமிழ்ச் சொல். இன்று அரசு வானொலித் தலைமையகமான அங்காசாபுரியில் வேலை செய்கிற மலாய்க்காரரும் "மின்னல்" என்றுதானே சொல்ல வேண்டும். இதில் நஷ்டம் எங்கே வந்தது?

பிஜே_பொண்ணு:
ஐயா சொல்வது சரி. ஆனால் எங்கள் தோட்டத்தில் மின்னல் என்றால் ரேடியோவை அணைக்க வேண்டும் என்று அர்த்தம் 😄 வானத்தில் ஒரு வெட்டு வெட்டினால் போதும், "ரேடியோவ அடை, ஏரியல் கம்பியைப் பிடுங்கு" என்று பாட்டி கத்துவார். மத்திய அலையில் கேட்ட காலத்தில் இடி வருவதற்கு முன்பே பெட்டி கரகரவென்று சொல்லிவிடுமாம். எதை வீட்டுக்குள் விடக்கூடாது என்று பயந்தார்களோ, அதையே பெயராக வைத்துவிட்டார்கள்.

தென்னமரத்தான்:
அதைச் சொல்லுங்கள்!
வால்வு ஐயா, ஆறு வெறும் நம்பர் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். வானொலி ஆறு என்று சொல்லும்போது, சின்ன வயதில் நான் சிலாங்கூர் ஆற்றைத்தான் நினைத்தேன். நம் ஊர் ஓரமாகத்தானே ஓடுகிறது. அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்துதான் பாட்டுப் போடுகிறார்கள் என்று நம்பினேன். நம்பராக வந்தாலும் தமிழில் அது அழகாக விழுந்தது. மின்னல் வரும், ஒரு நொடியில் போகும். ஆறு அப்படியா?

பழையவால்வு:
கவிதை நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பாவைத் தவிர வேறு யார் ஆற்றை நினைத்தார்கள்?

தென்னமரத்தான்:
அப்பா இல்லை ஐயா, நான். அப்பாவுக்கு அது நம்பர்தான். ஆனால் அவருடைய நம்பர்.

சாலையோரம்:
லோரி ஓட்டுகிறேன், இரண்டையும் கேட்கிறேன். டிஎச்ஆர் போனதற்கு அழுகிறவர்களைக் கேட்கிறேன்: அந்த மூன்று எழுத்துக்கு என்ன விரிவு என்று எத்தனை பேருக்குத் தெரியும்? டைம் ஹைவே ரேடியோ. 90-களில் வந்தது. ஒரு காலத்தில் அதில் மலாயும் தமிழும் நேரத்தைப் பிரித்துக்கொண்டு ஓடின. அப்புறம் தமிழுக்கு ராகா, மலாய்க்கு கெகார் என்று தனித்தனியானது. ராகா என்று தனிப்பெயர் வந்த பிறகு முன்னால் அந்த வால் எதற்கு? வெட்டியது நல்லதுதான்.
ரேடியோ 6 விஷயத்தில் எனக்கு இரண்டு மனது. அதனால் பேசாமல் இருக்கிறேன்.

பிஜே_பொண்ணு:
முன்னால் இருப்பது எப்படி அண்ணே வால் ஆகும்?

சாலையோரம்:
லோரியை ரிவர்ஸ் எடுத்தால் ஆகும் 😂

பழையவால்வு:
ஒரு விஷயம் கேளுங்கள். என் மனைவி ரேடியோ கண்ணாடியில் 96.3-க்கு நேராகக் குங்குமத்தில் ஒரு பொட்டு வைத்திருந்தாள். முள் அந்தப் பொட்டுக்கு வந்தால் தமிழ். பெயர் மாறிய நாளிலும் பொட்டு அதே இடம்தான், பாட்டும் அதே இடத்தில்தான் வந்தது. பசியாறிவிட்டு, தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் யார் பெயரைப் பார்த்தார்கள்? அலைவரிசையை மாற்றியிருந்தால் நானும் சேர்ந்து சண்டை போட்டிருப்பேன்.

தென்னமரத்தான்:
அப்படியென்றால் ஊர்ப்பெயர் மாறியதும் பரவாயில்லையா? 2007-இல் பத்தாங் பெர்ஜுந்தை பெஸ்தாரி ஜெயா ஆனது. 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போட்ட இடம் நம் தென்னமரம். அதன் பக்கத்து ஊருக்கு, மலாயில் கொச்சையாகக் கேட்கிறது, கேட்பவர் சிரிக்கிறார் என்று பெயரை மாற்றினார்கள்.
பெரியம்மா இறந்தபோது ரேடியோவில் மரண அறிவிப்பு கொடுத்தோம். அடையாள அட்டையில் இருந்தபடி "பெஸ்தாரி ஜெயா" என்று நாங்களே எழுதிக் கொடுத்தோம். தப்பு எங்களுடையதுதான். பேராக்கில், சுங்கை சிப்புட்டில் இருந்த மாமா அதைக் கேட்டிருக்கிறார். யாரோ எந்த ஊரோ என்று விட்டுவிட்டார். கருமாதிக்குத்தான் வந்தார். வந்து வாசலில் நின்று, "பத்தாங்னு ஒரு வார்த்தை போட்டிருக்கக்கூடாதா?" என்று கேட்டார். பெயர் என்றால் அதுதான் ஐயா. யார் போனது என்று தெரிய வேண்டும்.

பழையவால்வு:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, தம்பி. மாமாவுக்காக வருத்தப்படுகிறேன்.
ஆனாலும் ஊர் வேறு, ரேடியோ வேறு. ஊரைத் தேடி வர வேண்டும். ரேடியோ அதுவாகவே வீட்டுக்கு வருகிறது.

பிஜே_பொண்ணு:
நடுவில் ஒன்று. நம் ஊரின் பழைய பெயரில் பெர்ஜுந்தையைச் சுருக்கினாலும் பிஜே, புதுப் பெயர் பெஸ்தாரி ஜெயாவுக்கும் பிஜே. அதனால்தான் நான் இந்தப் பெயரில் இருக்கிறேன், எந்தப் பக்கமும் சேராமல். நம் ஊர்ப் பல்கலைக்கழகம் யூனிசெல்லும் அப்படித்தான். யூனிவர்சிட்டி இண்டஸ்ட்ரி சிலாங்கூர் என்று இருந்தது, நடுவில் உள்ள சொல்லை எடுத்தார்கள், யூனிசெல் அப்படியே நின்றது. மாற்றுகிறவர்கள் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியாவது விட வேண்டும். ரேடியோ 6-இலிருந்து மின்னலுக்குப் போக ஒரு எழுத்துகூட ஒட்டு இல்லை. அதுதான் பெரியவர்களுக்குச் சிக்கல். சொல் நல்ல சொல்தான்.

சாலையோரம்:
இது சரியான பேச்சு. "மின்னல் 6" என்று கொஞ்ச நாள் விட்டிருக்கலாம்.

பழையவால்வு:
வைத்திருந்தால், மற்ற ஐந்து மின்னல் எங்கே என்று கேட்டிருப்பீர்கள்.

தென்னமரத்தான்:
😂 சரி, விஷயத்துக்கு வருகிறேன். கைப்பேசி முகப்பில் மின்னலுக்கு ஒரு குறுக்குவழி போட்டு, அதன் கீழே "ரேடியோ 6" என்று மாற்றி எழுதிவிட்டேன். அப்பா ஒரே தொடலில் கண்டுபிடித்தார். "இவ்ளோ நேரம் எங்கடா ஒளிச்சு வச்சிருந்த?" என்று எனக்குத் திட்டு.

பழையவால்வு:
ஏமாற்று வேலை. இருந்தாலும் பரவாயில்லை.

பிஜே_பொண்ணு:
அண்ணே, இடி இடித்தால் அதையும் அணைக்கச் சொல்கிறாரா?

தென்னமரத்தான்:
சார்ஜரைப் பிடுங்கச் சொல்கிறார்.