நாற்காலியில் இருந்தவர் சொன்ன காரணம்

மேரிலாந்து ஃபார்மசிஸ்ட்:

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், எங்கள் பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) கறுப்பின மக்கள்தான் அதிகம். சலூனில் ஊசி போடுவது இந்தப் பக்கம் புதுசு இல்லை. மேரிலாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டீஃபன் தாமஸ் முன்பிருந்தே சலூன்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முடி வெட்டிக்கொண்டே குடல் புற்றுநோய்ப் பரிசோதனை பற்றிப் பேச வைத்தவர். 2021 ஜூனில் வெள்ளை மாளிகையும் சேர்ந்துகொள்ள, கோவிட் ஊசியை 1,000 சலூன்கள், பியூட்டி பார்லர்கள் வழியாகக் கொண்டுபோகும் திட்டம் வந்தது.

நான் போனது அதில் இல்லை. 2023 அக்டோபரில், ஒரு சின்னக் குழுவோடு, ஃப்ளூ ஊசி போட. அமெரிக்காவில் 2021-22 பருவத்தில் வெள்ளையினப் பெரியவர்கள் 54 சதவீதம் பேர் ஃப்ளூ ஊசி போட்டிருந்தார்கள். கறுப்பினத்தவர் 42, லத்தீன் வம்சாவளியினர் 38.

டஸ்கிகீ கதையை நன்றாகப் படித்துக்கொண்டுதான் போனேன். அலபாமாவில் 1932 முதல் 1972 வரை, சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த 399 கறுப்பின ஆண்களை, பென்சிலின் வந்த பிறகும் மருந்து கொடுக்காமல் அரசுச் சுகாதாரத் துறையே வேடிக்கை பார்த்தது. ஊசி என்றால் இவர்கள் தயங்குவதற்கு அதுதான் காரணம் என்று எங்கள் கூட்டங்களில் அடிக்கடி சொல்வார்கள். யாராவது அதை எடுத்தால் என்ன பதில் சொல்வது என்று பேசிப் பார்த்தும் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை, நல்ல கூட்டம். ஐஸ் பெட்டியைக் கண்ணாடிக்குக் கீழே, சீப்புகள் ஊறும் நீலத் திரவ ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தோம். நாற்காலியில் எழுபதைத் தாண்டிய ஒருவர். ஒரு பக்கம் வெட்டி முடிந்து மறு பக்கம் பாக்கி. ஃப்ளூ ஊசிக்கு உடனே சரி என்றுவிட்டார். சலூன்காரர்தான் மெஷினை நிறுத்திவிட்டு, "அந்த அக்கிக்குப் போடுவது? அதைப் போட்டீங்களா?" என்று கேட்டார்.

"போட்டுக்கலாம்னுதான் போனேன். கவுண்டரில் 180 டாலர்னாங்க. பின்னால் வரிசை நிக்குது. அப்புறம் வர்றேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். ரெண்டு வருஷம் இருக்கும்."

டஸ்கிகீ எங்கே போனது! மெல்ல அதை எடுத்தேன். சலூன்காரர் சிரித்தார். "அது எங்களுக்கு உங்களைவிட நல்லாத் தெரியும். அவரை விலை சொல்லித் திருப்பி அனுப்பினது டஸ்கிகீ இல்லையே."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. நானும் அப்படி ஒரு கவுண்டரில் விலை சொல்கிற ஆள்தானே. மெடிகேர் பார்ட் டி, அதாவது முதியோருக்கான அரசுக் காப்பீட்டின் மருந்துப் பகுதி, உள்ளவர்களுக்கு அக்கித் தடுப்பூசிக்குக் கைக்காசு வேண்டாம் என்று 2023 ஜனவரியிலேயே வந்துவிட்டது. ஒன்பது மாதமாக அவருக்கு அது இலவசம். சொல்லத்தான் ஆள் இல்லை.

அன்று எங்களிடம் அந்த ஊசி இல்லை. அடுத்த வாரம் எங்கள் கடைக்கு வந்து போட்டுக்கொண்டார். இரண்டாவது டோஸ் 2 முதல் 6 மாதத்துக்குள் போட வேண்டும். சலூன்காரர் தன் சுவர் நாட்காட்டியில் அவருடைய ஜனவரி முடிவெட்டு நாளுக்குப் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொண்டார். நாங்கள் அனுப்பும் நினைவூட்டல் எஸ்எம்எஸ்ஸை யார் படிக்கிறார்கள்? ஜனவரியில் சொன்ன வாரத்தில் வந்து நின்றார்.

ஸ்காபரோ வாசி:

கவுண்டர் கதையை வாசிக்க அப்பாவின் ஞாபகம் வந்துவிட்டது. நாங்கள் கனடாவில், ரொறன்ரோவில். 2020 நடுப்பகுதியிலேயே மாநகர சுகாதாரப் பிரிவு கணக்கு வெளியிட்டது: இன விபரம் தெரிந்த கோவிட் நோயாளிகளில் 83 வீதம் வெள்ளையர் அல்லாதவர்கள், நகரத்தில் அவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். அப்படியிருந்தும் ஒன்ராறியோ மாகாண அரசு 114 அஞ்சல் குறியீட்டுப் பகுதிகளைக் குறித்து, ஊசியில் பாதியை அங்கே அனுப்பியது 2021 மே மாதத்தில்தான், அதுவும் இரண்டு கிழமைக்கு.

அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. இணையத்தில் பதியும் பக்கம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும்தான். நான் பதிந்து தந்தால் நேரம் பகல் பதினொரு மணி, அவர் நித்திரை கொள்ளும் நேரம். கடைசியில் வீட்டுக்குக் கிட்ட ஒரு நாள் முகாம் போட்டார்கள். வேலை முடிந்து அப்படியே போய் வரிசையில் நின்றார். ஒரு தமிழ்ப் பெடியன் வந்து, "அண்ணை, சாப்பிட்டுட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்டானாம். ஊசி போட்ட கதையை விட அதைத்தான் அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கேள்வி ஒன்று:

அந்தச் சலூன்காரருக்குக் காசு ஏதாவது கொடுத்தீர்களா?

மேரிலாந்து ஃபார்மசிஸ்ட்:

சரியான இடத்தில் பிடித்தீர்கள். முதல் முறை கொஞ்சம் கொடுத்தோம். அடுத்த வருடம் நிதி நின்றுபோனது, "சமூக சேவைதானே, இடம் மட்டும் கொடுங்கள்" என்று குழுவில் ஒருவர் கேட்டார். சனிக்கிழமை அரை நாள் இரண்டு நாற்காலியைக் காலியாக வைத்தால் எவ்வளவு போகும் என்று சலூன்காரர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நர்ஸுக்குச் சம்பளம் உண்டா என்றும் கேட்டார். உண்டு என்றோம். "அப்போ நான் மட்டும் ஏன் சும்மா?" என்றார். அந்த வருடம் முகாம் நடக்கவில்லை. இப்போது நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் நாற்காலி வாடகை என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.