டார்க் டூரிசம்: ‘வடுத்தலப் பயணம்’ எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

வணக்கம். உலகின் விசித்திரமான பயண இடங்களைப் பற்றிய கட்டுரைத் தொடரைத் தமிழில் எழுதிவரும் செம்பூர் நண்பர், பேரழிவும் சாவும் நிகழ்ந்த இடங்களைக் காணச் செல்வதைக் குறிக்கும் ‘டார்க் டூரிசம்’ என்பதை ‘இருண்ட சுற்றுலா’ என்று எழுதலாமா எனக் கேட்டதிலிருந்து இந்த இழையில் வந்த மடல்கள் அனைத்தையும் படித்தேன். ‘இருண்ட சுற்றுலா’, ‘மரணச் சுற்றுலா’, ‘துயர்ச் சுற்றுலா’, ‘கையறுநிலைப் பயணம்’ ஆகியவை இதுவரை பரிந்துரைக்கப்பட்டுள்ளன. இவற்றோடு ‘வடுத்தலப் பயணம்’ என்பதையும் எண்ணிப்பார்க்குமாறு வேண்டுகிறேன். மற்றவை எனக்கு ஏன் போதவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இத்தகைய இடங்களைக் காணச் செல்வது புதிய வழக்கமன்று. ஆனால் அதை ஓர் ஆய்வுப் பொருளாக்கி ‘டார்க் டூரிசம்’ என்று பெயரிட்டவர்கள், 1996இல் கிளாஸ்கோ கலிடோனியன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் லெனானும் மால்கம் ஃபோலியும் ஆவர். (பாடகரான ஜான் லெனான் வேறு, மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்பு தேவைப்படும் பெயர் இது.) அதே ஆண்டில் ஏ. வி. சீட்டன் என்ற ஆய்வாளர், சாவைக் குறிக்கும் ‘தானடோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லைக் கொண்டு ‘தானடூரிசம்’ என்று வேறொரு பெயர் தந்தார். எனவே ஆங்கிலத்திலேயே ஒரு பெயர் நிறத்தைப் பற்றிக்கொண்டது, மற்றொன்று சாவைப் பற்றிக்கொண்டது. நம் இழையில் வந்த முதல் இரண்டு பரிந்துரைகளும் இந்த இரண்டின் நிழல்களே.

‘இருண்ட’ என்ற அடைமொழிக்கு என் மறுப்பு கடுமையானது. லடாக்கின் ஹான்லே பகுதி 2022இல் இரவு வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வானியல் தொலைநோக்கிகள் நிற்கும் அவ்விடத்துக்கு, விளக்கொளி கலக்காத வானத்தைப் பார்ப்பதற்காகவே மக்கள் செல்கின்றனர். இருளைத் தேடிச் செல்லும் பயணம் என்றால் அதுதான். நாளை அதற்கு ஒரு கலைச்சொல் வேண்டி எவரேனும் இந்தக் குழுவுக்கு எழுதும்போது, ‘இருள்’ என்ற சொல்லை ஆஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்குக் கொடுத்துவிட்டோம் என்று நாம் கைவிரிக்க முடியாது. மேலும், ஆப்பிரிக்காவை ‘இருண்ட கண்டம்’ என்று எழுதிய பழைய பாடப்புத்தகங்களின் வாடை அந்த அடைமொழியில் இன்னும் போகவில்லை.

‘மரணச் சுற்றுலா’ என்றால் இறப்பதற்காகச் செய்யும் பயணம் என்றே தமிழ்க் காது கேட்கும். கடைசிக் காலத்தைக் கழிக்கக் காசிக்குச் செல்லும் முதியோர் நம் குடும்பங்களிலேயே இருந்திருக்கிறார்கள். அந்தச் சொல் அவர்களுக்குத்தான் பொருந்தும்.

டில்லி நண்பர் பரிந்துரைத்த ‘கையறுநிலை’ அழகான சொல் என்பதில் ஐயமில்லை. பாரி இறந்தபின் கபிலர் பாடியதைப் போல, இழந்தவர் செயலற்று நின்று பாடும் துறை அது. ஆனால் பயணச்சீட்டு வாங்கி, வழிகாட்டியை அமர்த்தி, மதிய உணவுக்கு எங்கே நிற்கலாம் என்று கேட்டுக்கொண்டு வருபவர் கையற்றவர் அல்லர். அவர் பார்வையாளர். ‘துயர்’ என்ற சொல்லுக்கும் ஏறக்குறைய இதே சிக்கல்தான்: அது இடத்தைச் சொல்லாமல் வருபவரின் உள்ளத்தைச் சொல்கிறது, அந்த உள்ளமோ ஒன்றுபோல் இருப்பதில்லை. இலங்கையில் 2009இல் போர் முடிந்தபின், புதுக்குடியிருப்பில் புலிகளின் தலைவர் தங்கியிருந்ததாகக் காட்டப்பட்ட நிலவறையைப் பார்க்கத் தெற்கிலிருந்து பேருந்துகளில் மக்கள் வந்தனர். 2013இல் இராணுவம் அதைத் தகர்க்கும்வரை அந்தக் காட்சி நடந்தது. வந்தவர்களில் பலருக்கு அது வெற்றியின் அடையாளம்; அந்த மண்ணிலேயே உறவினரைப் பறிகொடுத்தவர்களுக்கு அது வேறு. ‘துயர்ச் சுற்றுலா’ என்று பெயரிட்டால், அங்கே யாருடைய துயரம் காட்சிக்கு வைக்கப்பட்டது, யார் துயரப்படாமல் வந்தார்கள் என்பதெல்லாம் மறைந்துபோகும். வந்தவர் எந்த உணர்வோடு வந்தாலும் மாறாத ஒன்றைக் கலைச்சொல் குறிக்க வேண்டும். அந்த இடத்தின்மேல் விழுந்த அடையாளம் அப்படிப்பட்டது.

ஆகவேதான் ‘வடு’. மும்பையில் இருப்பவர்கள் இதற்காக வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொலாபாவில் 1871 முதல் இருந்துவரும் லியோபோல்டு உணவகத்தில், 2008 நவம்பர் 26 தாக்குதலின் குண்டுத் தடங்களைப் பூசி மறைக்காமல் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் அவற்றைப் பார்ப்பதற்கென்றே வந்து அமர்கிறார்கள். அமிர்தசரசின் ஜாலியன்வாலா பாக்கில் 1919 ஏப்ரல் 13 அன்று சுடப்பட்ட குண்டுகளின் தடங்கள் செங்கற்சுவரில் அடையாளமிடப்பட்டுள்ளன. பிரான்சின் ஒராதூர் சூர் கிளான் என்ற ஊரில் 1944 ஜூன் 10 அன்று நாஜிப் படையினர் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்று ஊரை எரித்தார்கள். போருக்குப்பின் அருகில் புதிய ஊரைக் கட்டி, எரிந்த ஊரைத் துருப்பிடித்த மகிழுந்துகளோடும் தையல் இயந்திரங்களோடும் அப்படியே விட்டுவைத்தனர். ஹிரோஷிமாவில் குண்டு வெடித்த இடத்துக்கு மிக அருகே எலும்புக்கூடாக நின்ற குவிமாடக் கட்டடத்தை இடித்துவிடலாமா என்ற வாதம் நெடுநாள் நடந்து, கடைசியில் அது காக்கப்பட்டது. 1996இல் உலக மரபுச் சின்னமும் ஆனது. இந்த நான்கிலும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: அடிபட்ட தடத்தை அழிக்காமல் வைப்பது என்று யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள். ‘வடு’ என்ற சொல் அந்தத் தடத்தையே சுட்டுகிறது.

இதற்கு வரக்கூடிய மறுப்பை முன்கூட்டியே எடுத்துக்கொள்கிறேன். புண் ஆறியபின் மிஞ்சுவதுதானே வடு, ஆறாத இடங்களை என்ன செய்வது என்று கேட்கலாம். வள்ளுவர் இதை நமக்காகத் தீர்த்துவைத்திருக்கிறார். தீயினால் சுட்டதைப் புண் என்றும் அது உள்ளே ஆறிவிடும் என்றும் சொன்னவர், நாவினால் சுட்டதை ‘வடு’ என்றும் அது ஆறாது என்றும் சொன்னார். ஆறுவதைப் புண் என்றும் ஆறாமல் கிடப்பதை வடு என்றும் அவர் பெயர் வேறுபடுத்தியதைப் பரிமேலழகர் தம் உரையில் எடுத்துக்காட்டுகிறார். எனவே செர்னோபிலுக்கும் இச்சொல் தாராளமாகப் பொருந்தும். 1986 ஏப்ரல் 26 அன்று நான்காம் அணுவுலை வெடித்த மறுநாள், ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்த பிரிப்யாத் நகரம் பேருந்துகளில் காலிசெய்யப்பட்டது. அங்குள்ள இராட்டினம் மே முதல் நாள் விழாவுக்குத் திறக்கப்பட இருந்தது. இப்போது அந்த நகரத்தைப் பற்றிய படங்களில் அதுதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. உக்ரைன் அரசு 2011இல் முறைப்படி பயணிகளை அனுமதித்தபோது, கதிரியக்க அளவியைக் கையில் கொடுத்து அழைத்துச் சென்றார்கள். 2022இல் ரஷ்யப் படையெடுப்போடு அந்தப் பயணங்கள் நின்றுபோயின. ஒரு பேரழிவைப் பார்க்கும் வழியை இன்னொரு பேரழிவு அடைத்த இடத்தில், ‘ஆறிவிட்டதா’ என்ற கேள்வியே எழாது.

இரண்டாவது மறுப்பு மாட்டுங்கா அம்மையார் தனிமடலில் அனுப்பியது: ‘வடு’ என்றால் தம் வீட்டில் எல்லாருக்கும் உப்பில் ஊறிய மாவடுதான் நினைவுக்கு வரும் என்கிறார். மாட்டுங்கா சந்தையில் பருவகாலத்தில் அதைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்த எவரும் இதை மறுக்க முடியாது. ஆனாலும் ‘தலம்’ சேர்ந்தவுடன் அந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நம்புகிறேன். ‘பசுத்தோல்’, ‘தெருக்கூத்து’ போல ஒற்று மிகுந்து ‘வடுத்தலம்’ என்றாவதால் ஒலிப்பிலும் அது தனித்து நிற்கிறது. ‘தலம்’ கோவிலைக் குறிக்காதா என்றால், ‘சுற்றுலாத் தலம்’ என்று அரசு அறிவிப்புப் பலகைகளே எழுதிப் பழக்கிவிட்டன.

‘சுற்றுலா’வை விட்டு ‘பயணம்’ என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு. உலா என்பது தலைவன் வீதியில் பவனி வர, ஏழு பருவத்துப் பெண்களும் அவனைக் கண்டு காதல் கொள்ளும் சிற்றிலக்கியம். துறையின் பெயராகச் ‘சுற்றுலா’ நிலைத்துவிட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை. பதினொரு இலட்சம் பேர் கொல்லப்பட்ட ஆஷ்விட்ஸ் முகாமின் வாயிலுக்கு முன்னால் அந்தச் சொல் கூசும், அவ்வளவே.

இனி, எதை இச்சொல்லுக்குள் சேர்க்கக் கூடாது என்பதையும் பேச வேண்டும், ஏனெனில் செம்பூர் நண்பரின் பட்டியலில் எல்லாம் ஒரே தலைப்பின்கீழ் கிடக்கின்றன. துர்க்மெனிஸ்தானின் கராகும் பாலைவனத்தில் பல பத்தாண்டுகளாக எரியும் தர்வாசா எரிவாயுப் பள்ளம் வியப்பான இடம், ஆனால் எவருடைய சாவும் அதன் பெயரோடு ஒட்டியிருக்கவில்லை. அதை ‘விந்தைத்தலம்’ என்றால் போதும். மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ கால்வாய்களுக்கு நடுவே மரங்களில் நூற்றுக்கணக்கான பொம்மைகள் தொங்கும் தீவு எல்லைக்கோட்டில் நிற்கிறது: நீரில் மூழ்கிய ஒரு சிறுமியின் ஆவிக்காக ஒருவர் கட்டியவை அவை என்று கதை சொல்கிறார்கள். கதை மட்டும் இருந்தால் விந்தைத்தலம், நிகழ்வு உறுதிப்பட்டிருந்தால் வடுத்தலம் என்று கோடு கிழிக்கலாம் என்பது என் கருத்து. அந்த அளவுகோலின்படி, சூரியன் மறைந்தபின் நுழையக் கூடாது என்று தொல்லியல் துறை பலகை வைத்துள்ள ராஜஸ்தானின் பான்கர் கோட்டையும் விந்தைத்தலமே. பேய்க்கதைகளால் மட்டும் எந்த இடத்துக்கும் வடு உண்டாகாது.

தனுஷ்கோடி ஐயத்துக்கு இடமில்லாத வடுத்தலம். 1964 டிசம்பர் 22 இரவில் அடித்த புயல் பாம்பனிலிருந்து வந்த பயணிகள் ரயிலை முழுவதுமாக விழுங்கியது. வாழத் தகாத ஊர் என்று அரசு அறிவித்தது. தேவாலயச் சுவரும் ரயில் நிலையச் சிதைவும் நிற்கின்றன. இராமேசுவரத்துக்கு யாத்திரை வருபவர்களே வழியில் அதையும் பார்த்துவிட்டு அரிச்சல்முனைக்குப் போகிறார்கள் என்பதால், இந்த வகைப் பயணத்தைத் தமிழர் ஏற்கெனவே பெயரில்லாமல் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றே சொல்வேன்.

இன்னொன்று தமிழருக்கு மிக நெருக்கமானது. தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குச் செல்லும் பயணிகள் குவாய் ஆற்றுப் பாலத்தைப் பார்த்துப் படமெடுத்துக்கொள்கிறார்கள். அருகில் நேச நாட்டுப் போர்க்கைதிகளின் கல்லறைகள் பெயர் பொறித்து வரிசையாக உள்ளன. 1942-43இல் ஜப்பானிய இராணுவம் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில் அக்கைதிகளில் சுமார் 12,000 பேர் இறந்தனர். அவர்களைவிடப் பன்மடங்காக இறந்த ஆசியத் தொழிலாளர்களில், மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையினர். மலேசியத் தமிழர் அதைச் ‘சயாம் மரண ரயில்’ என்று அழைக்கிறார்கள். அந்தத் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த வரிசைக் கற்கள் இல்லை. போரில் விழுந்தவனுக்குக் கல் எடுத்துப் பெயரும் பீடும் எழுதிய மரபைத் தொல்காப்பியமே இலக்கணமாக வகுத்திருக்க, நம்மவர் இறந்த இடத்தில் நெடுங்காலம் தடம் மண்ணில் மட்டும் இருந்தது. நடுகல்லை அடிப்படையாகக் கொண்டு சொல் ஆக்கலாமே என்று ஒருவர் கேட்டதற்கும் இதுவே என் பதில்: நடுகல் நினைவு கூர்ந்தவர் நட்டது, வடு யாரும் நினைவு கூராவிட்டாலும் இருப்பது.

தாராவியைப் பற்றிக் கடைசியாக எழுதுகிறேன், ஏனெனில் அங்கிருந்து எழுதிய சகோதரியின் மடல்தான் இந்த இழையிலேயே கனமானது. வழிகாட்டியோடு வரும் வெளிநாட்டவர் குழுக்கள் தம் தெருவில் நடந்து போவதைச் சிறு வயது முதல் பார்த்துவரும் அவர், ‘டார்க் டூரிசம்’ பட்டியல்களில் சில இடங்களில் தாராவியும் இருப்பதைச் சுட்டி, எங்கள் வீடும் வடுவா என்று கேட்டிருந்தார். அல்ல என்பதே என் தெளிவான விடை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிடும் தொழிலை அங்கே வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும், கும்பார்வாடாவின் குயவர்களும், பிளாஸ்டிக் பிரிக்கும் கூடங்களின் தொழிலாளர்களும் இன்று வாழ்ந்து, உழைத்து, கடன் அடைத்து, பிள்ளைகளைப் படிக்கவைக்கும் இடம் அது. அங்கே பார்க்கப்படுவது வறுமையில் நடக்கும் வாழ்க்கை. முடிந்துபோன அழிவு அன்று. சில ஏற்பாட்டாளர்கள் ஒளிப்படம் எடுக்கத் தடை விதித்திருப்பது நல்லதுதான், ஆனால் தடை இருப்பதே அங்கே வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதற்குச் சான்று. ஆகவே ‘வடுத்தலம்’ என்பதன் விளக்கத்தில், குடியிருப்புகளைக் காணச் செல்லும் பயணம் இதில் அடங்காது என்று வெளிப்படையாக எழுத வேண்டும். அதற்குக் ‘குடிசைப்பகுதிப் பயணம்’ என்று சிலர் எழுதுகிறார்கள். தாராவியில் பெரும்பாலானவை செங்கல்லும் தகரமும் கொண்ட மாடிவீடுகள் என்பதால் அந்தச் சொல்லும் சரியில்லை. அதைத் தனி இழையில் எடுப்போம்.

சொற்பட்டியலுக்கான வரைவு வருமாறு. வடுத்தலம்: போர், படுகொலை, விபத்து, இயற்கைப் பேரிடர் ஆகியவற்றால் பலர் மாண்டு, அதன் தடம் இன்றும் காணக் கிடைக்கும் இடம், மக்கள் தற்போது வாழும் குடியிருப்புகள் இதில் அடங்கா. வடுத்தலப் பயணம்: அத்தகைய இடத்தைக் காண்பதற்கென மேற்கொள்ளும் பயணம். இவ்வாறு செல்பவர் வடுத்தலப் பயணி.

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் உள்ள உறுப்பினர்கள் இதைப் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்று சிறப்பாகக் கேட்டுக்கொள்கிறேன். அங்கே மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் புழங்கினால் அதையே முதற்சொல்லாக வைத்து, என் சொல்லை மாற்றுச்சொல்லாகப் போட்டுக்கொள்ளலாம். செம்பூர் நண்பரின் அடுத்த கட்டுரை அச்சுக்குப் போக இருப்பதால், மறுப்பு இருப்பவர்கள் இந்த வார இறுதிக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
மும்பை சயனிலிருந்து ஓர் உறுப்பினர்