துணை டிரான்ஸ்மிஷன் கூலர் பொருத்தியும் ஏற்றத்தில் ஆயில் சூடு குறையவில்லை: இணைப்பு வரிசை சரிதானா?

கேள்வி

வணக்கம். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் கொண்ட என் பிக்அப் வண்டியில், பாரம் ஏற்றிய டிரெய்லரை இழுத்துக்கொண்டு அடிக்கடி மலைப்பாதையில் ஏற வேண்டியிருக்கிறது. நீண்ட ஏற்றங்களில் டிரான்ஸ்மிஷன் ஆயிலின் சூடு 115 டிகிரி செல்சியஸ் வரை போனதால், ஒரு பணிமனையில் வண்டியைக் கொடுத்துத் துணைக் கூலர் ஒன்றைப் பொருத்தச் செய்தேன். அது தகடுகளை அடுக்கிச் செய்த வகை. ஏசி கண்டென்சருக்கு முன்னால், கிரில்லுக்குப் பின்புறம் இருக்கிறது. ஆனால் அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு போனால், இப்போதும் 110 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. பாரமில்லாமல் சமதளத்தில் ஓட்டும்போது முன்பு காட்டிய 90 டிகிரியைத்தான் இன்றும் காட்டுகிறது.

வேறு இரண்டு விஷயங்களும் கவலை தருகின்றன. காலையில் முதன்முதலாக டி-க்கு மாற்றும்போது வண்டி சற்றுத் தயங்கிய பிறகே நகர்கிறது. கூலர் பொருத்துவதற்கு முன் இந்தத் தயக்கம் இருந்ததில்லை. மேலும், கூலரை நைலான் பட்டைகளால் கண்டென்சரின் இதழ்களினூடே கோத்துக் கட்டியிருக்கிறார்கள். கூலர் சிறியதாக இருப்பதுதான் காரணமா, அல்லது வேறு எதையாவது பார்க்க வேண்டுமா என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முதல் பதில்

கூலரின் அளவைப் பற்றி யோசிப்பதற்கு முன், காலைத் தயக்கத்தை முதலில் கவனியுங்கள். புதிதாகச் சேர்ந்த கூலரும் ஹோஸ்களும் கணிசமான அளவு ஆயிலைத் தங்களுக்குள் வாங்கிக்கொள்கின்றன. பொருத்தியவர்கள் அதை ஈடுகட்டி ஊற்றாமல் விட்டிருந்தால் கியர்பாக்ஸில் ஆயில் மட்டம் தாழ்ந்திருக்கும். பம்ப் காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நீங்கள் சொல்லும் தயக்கம் அப்படித்தான் தொடங்கும். டிப்ஸ்டிக் உள்ள வண்டியாக இருந்தால், பெரும்பாலானவற்றில் ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு, சமதளத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். டிப்ஸ்டிக் இல்லாத வண்டியானால், கியர்பாக்ஸின் மட்டத் திருகைக் கையேடு குறிப்பிடும் ஆயில் சூட்டில் மட்டுமே திறந்து பார்க்க வேண்டும். இதைச் சரிபார்க்கும் வரை டிரெய்லரை மாட்டாதீர்கள். தாழ்ந்த மட்டத்தோடு பாரம் இழுத்தால் உள்ளிருக்கும் கிளட்ச் தகடுகள் கருகிவிடும்.

அடுத்தது சூடு. ஏற்றத்தில் ஆயிலைச் சூடேற்றுவதில் பெரும்பங்கு, இன்ஜினின் சுழற்சியை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்கு உண்டு. அதன் பூட்டு (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் நேராக இணைக்கும் கிளட்ச்) விடுபட்டிருக்கும் நேரமெல்லாம் இன்ஜினின் ஆற்றலில் ஒரு பகுதி ஆயிலைக் கலக்குவதிலேயே வெப்பமாகப் போகிறது. அந்தச் சூடான ஆயில் ஒரு குழாய் வழியாக வெளியே வந்து, ரேடியேட்டரின் தொட்டிக்குள் இருக்கும் சிறிய கூலரில் கூலன்ட்டோடு வெப்பத்தைப் பரிமாறிக்கொண்டு, இன்னொரு குழாய் வழியாகத் திரும்புகிறது. துணைக் கூலர் இந்தத் திரும்பும் பாதையில், அதாவது ரேடியேட்டருக்குப் பிறகு வர வேண்டும். உங்கள் வண்டியில் அது ஆயில் ஓடும் வரிசையில் ரேடியேட்டருக்கு முன்னால் இணைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயப்படுகிறேன். அப்படியானால் காற்றில் நன்றாகக் குளிர்ந்த ஆயில், அடுத்த நொடியே 90 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் கூலன்ட்டுக்கு நடுவே போய் மறுபடியும் சூட்டை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸுக்குத் திரும்பும். ஆறவைத்த பாலைத் திரும்ப அடுப்பில் ஏற்றுவது போன்றதுதான் இது. எவ்வளவு பெரிய கூலரை மாட்டினாலும் இந்த வரிசையில் முழுப் பலன் கிடைக்காது.

இரண்டாம் பதில்

மேலே சொன்னது பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனாலும் அளந்து பார்க்காமல் ஹோஸைக் கழற்ற வேண்டாம். இன்னொரு காரணமும் இதே அறிகுறியைக் காட்டும். இக்காலத்துப் பல பிக்அப் வண்டிகளில் கியர்பாக்ஸிலோ கூலர் குழாயிலோ ஒரு தெர்மோஸ்டாட் வால்வு இருக்கிறது. ஆயில் குறிப்பிட்ட சூட்டை எட்டும் வரை அது ஆயிலைக் கூலருக்கு அனுப்பாமல் குறுக்கே திருப்பிவிடும். சமதளத்தில் சூடு முன்போலவே இருப்பதற்கு அந்த வால்வே காரணமாக இருக்கலாம். அதில் குறை எதுவும் இல்லை. ஆனால் 110 டிகிரியிலும் அது முழுதாகத் திறக்கவில்லை என்றால் வால்வு பழுது.

இரண்டையும் பிரித்தறிய ஓர் அகச்சிவப்பு வெப்பமானி போதும். பளபளக்கும் உலோகக் குழாயின் மேல் நேரடியாகக் காட்டினால் அது உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். ஆகவே அளக்கும் ஒவ்வோர் இடத்திலும் கறுப்பு மின்காப்பு நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் மேல் அளவிடுங்கள். ஏற்றத்தில் ஏறி, ஆயில் நன்றாகச் சூடான நிலையில் பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைக்காமல், கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் குழாய், துணைக் கூலரின் இரு முனைகள், கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாய் ஆகிய நான்கு இடங்களிலும் பாருங்கள். விசிறியிலிருந்து கையையும் உடையையும் விலக்கியே வைத்திருங்கள். கூலரின் இரு முனைகளும் கியர்பாக்ஸைவிட மிகக் குளிர்ந்திருந்தால் அங்கே ஆயில் ஓடவில்லை என்று பொருள். வால்வையும், மடங்கிப்போன ஹோஸையும் தேடுங்கள். கூலரிலிருந்து வெளிவரும் முனையைவிடத் திரும்பும் குழாய் சூடாக இருந்தால் வரிசைதான் தவறு.

மூன்றாம் பதில்

ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரையே விட்டுவிட்டுத் துணைக் கூலரை மட்டும் வைத்துக்கொண்டால் என்ன? அந்த உட்கூலர் அரித்து ஓட்டையானால் கூலன்ட்டும் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே வீணாகிவிடும். நான் என் வண்டியில் அப்படித்தான் மாற்றியிருக்கிறேன்.

இரண்டாம் பதிலை எழுதியவர்

அந்த அச்சம் நியாயமானது. கூலன்ட் கலந்தால் கிளட்ச் தகடுகளின் மேற்பூச்சு பிரிந்துவிடும். பிறகு கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ரேடியேட்டரின் உட்கூலர் குளிர் காலத்தில் ஆயிலைச் சூடேற்றவும் உதவுகிறது. ஆயில் போதிய சூட்டை எட்டாவிட்டால் பல கியர்பாக்ஸ்களில் டார்க் கன்வெர்ட்டர் பூட்டிக்கொள்வது தள்ளிப்போகும். ஆயிலில் சேரும் ஈரமும் வெளியேறாது. மேலும், நின்று நின்று செல்லும் நெரிசலில், காற்றை மட்டும் நம்பும் கூலரைவிடக் கூலன்ட்டைப் பயன்படுத்தும் கூலரே நன்றாக வேலை செய்யும். ரேடியேட்டர் பழையதாகி அதன் மேல் நம்பிக்கை இல்லையென்றால், உட்கூலரைத் துண்டிப்பதைவிட ரேடியேட்டரையே மாற்றுவது மேல் என்பது என் கருத்து. மிகக் குளிர்ந்த இடங்களில் வேண்டுமென்றே துணைக் கூலரை முதலில் வைத்து, ரேடியேட்டரால் ஆயிலை மறுபடி சூடாக்கிக்கொள்பவர்களும் உண்டு. ஆனால் பாரம் இழுப்பவருக்கு அது ஒத்துவராது. அவருக்குத் தெர்மோஸ்டாட் வைத்த துணைக் கூலர் பொருந்தும்.

கேட்டவர்

முதலில் ஆயில் மட்டத்தைப் பார்த்தேன். டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது. கையேட்டில் சொன்ன வகை ஆயிலைச் சிறிது சிறிதாக ஊற்றி மட்டத்தைச் சரிசெய்ததும் காலைத் தயக்கம் மறைந்துவிட்டது. பிறகு கறுப்பு நாடா சுற்றி அளந்தேன். கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் குழாய் 106, துணைக் கூலருக்குள் நுழையும் முனை 105, அதிலிருந்து வெளிவரும் முனை 81, கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாய் 93 டிகிரி. வரிசைதான் தவறு என்று தெரிகிறது. நானே மாற்றிப் பொருத்த எண்ணுகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்?

முதல் பதிலை எழுதியவர்

அளவுகள் தெளிவாக இருக்கின்றன. கூலர் 24 டிகிரி குறைத்துக் கொடுக்கிறது; ரேடியேட்டர் அதில் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கூலரின் அளவில் குறையில்லை.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். கியர்பாக்ஸிலிருந்து வெளியேறும் குழாயை நேராக ரேடியேட்டரின் உட்கூலருக்கும், அங்கிருந்து வெளிவருவதைத் துணைக் கூலருக்கும், துணைக் கூலரிலிருந்து வெளிவருவதைக் கியர்பாக்ஸுக்குத் திரும்பும் குழாய்க்கும் கொண்டுபோங்கள். கூலரின் முனைகள் பக்கவாட்டில் இருந்தால் ஆயில் கீழ் முனையில் நுழைந்து மேல் முனையில் வெளியேறட்டும். அப்போதுதான் உள்ளே சிக்கிய காற்று தானாக வெளியேறும்.

ஹோஸைக் கழற்றியவுடன் அதன் மேல் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். டிரான்ஸ்மிஷன் ஆயில் கூலருக்கென்று செய்த ஹோஸாக, எஸ்ஏஇ ஜே1532 என்ற குறிப்போடு இருக்க வேண்டும். சாதாரண எரிபொருள் ஹோஸாக இருந்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள். சூடான ஆயிலில் அது இறுகி வெடிக்கும். வெடித்த ஹோஸிலிருந்து பீறிடும் ஆயில் சூடான எக்ஸாஸ்ட் குழாயில் பட்டால் வண்டியே தீப்பற்றக்கூடும். உலோகக் குழாயை அறுத்திருந்தால், அறுத்த முனையில் வெளிப்புறமாகத் தடித்த வளையம் உருவாக்கியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். வழுவழுப்பான குழாயின் மேல் ஹோஸைச் செருகி கிளாம்ப் போட்டால், அழுத்தம் ஏறும்போது ஹோஸ் கழன்றுவிடும். ஹோஸ் அந்த வளையத்தைத் தாண்டி உள்ளே போக வேண்டும். கிளாம்ப் அந்த வளையத்துக்கும் ஹோஸின் முனைக்கும் நடுவே உட்கார வேண்டும்.

நைலான் பட்டைகளை அகற்றிவிடுங்கள். வண்டியின் அதிர்வில் அவை கண்டென்சர் குழாயைத் தேய்த்துத் தேய்த்து ஓட்டையாக்கும். ஏசி வாயு முழுவதும் போய்விடும். ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்திலிருந்து இரும்புப் பட்டைகள் கொடுத்து, கண்டென்சரைத் தொடாதபடி சிறு இடைவெளி விட்டுக் கூலரை நிறுத்துங்கள்.

கேட்டவர்

மாற்றி முடித்துவிட்டேன். ஹோஸ் எரிபொருளுக்கானதுதான், புதியது போட்டுவிட்டேன். குழாய் முனைகளில் தடித்த வளையம் இருந்தது. அதே ஏற்றத்தில் அதே பாரத்தோடு இப்போது 98 டிகிரிக்கு மேல் போகவில்லை. பழைய ஆயில் கறுத்து, கருகல் வாடை அடிக்கிறது. அதை மாற்ற வேண்டுமா?

இரண்டாம் பதிலை எழுதியவர்

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய மாட்டேன்; கருகல் வாடை இருப்பதால் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றும்போது அதிலிருக்கும் காந்தத்தைப் பாருங்கள். மாவுபோல் நுண்ணிய சாம்பல் நிறப் பூச்சு இயல்பானது. விரலில் குத்தும் உலோகத் துணுக்குகள் இருந்தால் டிரெய்லரை மாட்டாமல் கியர்பாக்ஸைச் சோதிக்கக் கொடுங்கள். வடிகட்டியையும் அப்போதே மாற்றுங்கள். ஏற்றத்தில் இழுவை முறையை (டிரெய்லர் இழுப்பதற்கென வண்டியில் இருக்கும் டோ மோட்) போட்டுக் கீழ் கியரில் ஏறினால், டார்க் கன்வெர்ட்டர் பூட்டியபடியே இருக்க வாய்ப்பு அதிகம். சூடு இன்னும் சற்றுக் குறையும். புதிய ஹோஸ் சில முறை சூடாகி ஆறிய பிறகு தளர்ந்து படியும் என்பதால், கிளாம்ப்களை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.