ஓசா தீபகற்பத்துக்குத் தரைவழியே போனோம்

கோஸ்டாரிகாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஓசா தீபகற்பத்துக்குத் தலைநகர் சான் ஹோசேயிலிருந்து சிறு விமானத்தில் விரைவாகப் போய்விடலாம். நானும் என் மனைவியும் காரிலும் படகிலுமாக ஒரு முழுப்பகல் பயணம் செய்து போனோம். இயன்றவர்கள் அப்படியே போகவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

விடியற்காலையில் கிளம்பிய கார் 'செர்ரோ தே லா முவெர்த்தே' மலையில் ஏறியது. மரண மலை என்பது அதன் பொருள்; சாலை வருவதற்கு முன்பு நாட்கணக்கில் நடந்து இதைக் கடந்தவர்களில் சிலர் குளிரில் விறைத்து இறந்ததால் வந்த பெயர் என்கிறார்கள். சாலை 3,300 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. பாசி போர்த்திய ஓக் மரங்கள் மேலே போகப் போகக் குட்டையாகி, உச்சியில் புதர்களும் மேகமும் மட்டுமே எஞ்சின. அங்கே இரண்டு கம்பளிகளுக்குள் நடுங்கிய நாங்கள், அடுத்த இரண்டு மணி நேரத்தில் சான் இசிட்ரோவைத் தாண்டும்போது வியர்வையில் நனைந்திருந்தோம்.

சியெர்பே என்ற ஆற்றங்கரை ஊரில் கார்ப்பயணம் முடிந்தது. அங்கிருந்து விசைப்படகு அலையாத்திக் காடுகளுக்கு ஊடே சென்று, முகத்துவாரத்தில் ஆற்றுநீரும் கடலலையும் மோதும் இடத்தில் சற்றே நின்று, அலை தணிந்த நொடி பார்த்துப் பாய்ந்தது. பயமாகத்தான் இருந்தது. டிரேக் விரிகுடாவில் நாங்கள் இறங்கிய இடத்தில் துறைமேடை இல்லாததால், முழங்கால் நீரில் நடந்தே கரையேறினோம்.

காட்டின் விளிம்பில், கடலைப் பார்த்த மர வீடுகளே விடுதி. சன்னல்களில் கண்ணாடிக்குப் பதில் கொசுவலை. சூரிய மின்சாரம் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும். இருள் பிரியுமுன் ஊளைக்குரங்குகளின் முழக்கம் எழுப்பிவிட்டது. வெளியே வந்தால், கரையோர மரத்தில் செந்நிறப் பஞ்சவர்ணக்கிளிகள் பத்துப் பன்னிரண்டு அமர்ந்து கொட்டைகளை உடைத்துக்கொண்டிருந்தன. நிமிர்ந்து பார்த்த என் மனைவி, "இது நம்ம வாதாம் மரமாச்சே!" என்றாள். நாகப்பட்டினத்தில் எங்கள் பாட்டி வீட்டுக் கொல்லையில், பள்ளி விட்டு வந்ததும் கருங்கல்லால் தட்டிப் பருப்பெடுத்துத் தின்ற அதே வாதாம்தான். ஆசியாவிலிருந்து வந்த மரம் என்பதை எங்கள் வழிகாட்டியும் அறிந்திருந்தார்.

அவருடைய தந்தை இந்தக் காட்டாறுகளில் தங்கம் அரித்துப் பிழைத்தவராம். இத்தீபகற்பத்தில் கொர்கொவாடோ தேசியப் பூங்கா 1975-இல் அமைந்த பிறகும் அத்தொழில் நீடித்தது; 1986-இல்தான் அரசு தங்கம் தேடியவர்களைப் பூங்காவிலிருந்து வெளியேற்றியது. அந்தக் காலத்தின் வறுமையையும் வருத்தத்தையும் அவர் மறைக்காமல் சொன்னார். தந்தை சல்லடையோடு நடந்த ஓடைகளில் இப்போது, குட்டைத் துதிக்கை போன்ற மூக்குடைய தாபிர் என்ற விலங்கின் காலடித் தடங்களைத் தேடிக் காட்டுவதே மகனுக்குத் தொழில். பேசிக்கொண்டே கீழே கிடந்த கொட்டை ஒன்றைக் கல்லால் பிளந்து, பருப்பை எங்கள் இருவருக்கும் பாதிப்பாதியாகக் கொடுத்தார்.